அவையில் நகை

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதற்கண் நிறுத்தினார். அழுகையும் அச்சமும் பெருமிதமும் வெகுளியும் அதற்குப் பின்னரே இடம்பெறுகின்றன. இங்ஙனம் முதல் வரிசையில் அமரும் தகுதி பெற்ற நகை, இன்று தமிழ் மேடைகளில், சிறப்பாகத் தாயகத்திற்கு வெளியே நாம் அமைத்துக்கொண்ட மேடைகளில், எந்நிலையில் இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சி சற்றுக் கடுமையாகவே இருக்கும். ஆண்டு மலர் என்றால் வாழ்த்துரைகளும் பாராட்டுரைகளும் நிறைந்திருப்பது மரபு. அம்மரபை நாம் குறை கூறவில்லை. ஆயினும் நூறு வாழ்த்துகளுக்கிடையே ஒரு வழக்குரையும் இருந்தால்தான் மலருக்கு மணம் உண்டு என்பது நம் துணிபு.

வழக்கைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். மேடைப் பேச்சுக்கு நகைச்சுவை வேண்டும். அது கருத்துக்குத் துணையாக வரவேண்டும். கருத்து அமரவேண்டிய இருக்கையில் நகைச்சுவை ஏறி அமர்ந்துகொள்வது தவறு. அதனினும் பெரிய தவறு, அவையில் எழுந்து மறுமொழி கூற இயலாதவரைப் பார்த்தே அந்நகை எப்பொழுதும் எறியப்படுவது. இவ்விரு தவறுகளும் நம் விழாக்களில் வழக்கமாகிவிட்டன. வழக்கமாகிவிட்டதால் அவை தவறுகள் என்பதே மறந்துபோயிற்று.

ஆண்டில் நான்கு மாலைகள்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஜாதவ்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் கற்கின்றனர். வங்கமொழியும் இந்தியும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. விளையாட்டுத் திடலிலும் எட்டு பி பேருந்து நிலையத்திலும் அவர்கள் பேசுவது வங்கம். வீட்டில் கேட்கும் தமிழோ, ‘சாப்பிட்டாயா, படித்தாயா, விளக்கை அணை’ என்னும் அளவில் நின்றுவிடுகிறது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனை முன்னும் பின்னும் ஆராய்ந்து, நூறு பேர் கேட்கப் பேசும் தமிழ் எத்தகையது என்பதை அவர்கள் அறியும் வாய்ப்பு, ஆண்டில் மூன்று அல்லது நான்கு மாலைகளில்தான் கிட்டுகிறது. பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், சங்கத்தின் ஆண்டு விழா, அன்பர் சிலர் முயற்சியால் நிகழும் இலக்கியக் கூட்டம். அவ்வளவே.

சென்னையிலும் மதுரையிலும் வளரும் பிள்ளைக்கு ஒரு மேடை கசந்தால் அடுத்த தெருவில் வேறொரு மேடை உண்டு. நம் பிள்ளைக்கு அந்த மாலையே தமிழ் மேடை முழுவதும். அன்று அவன் கேட்பதே தமிழ். அன்று அவள் காண்பதே தமிழர் பண்பாடு. ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தை எதனால் நிரப்புகிறோம் என்பது பொழுதுபோக்குப் பற்றிய சிறு வினா ஆகாது.

எதனால் நிரப்புகிறோம்? பட்டிமன்றம் என்று அழைப்பிதழ் அச்சாகிறது. இல்லறத்தில் இன்பம் தருபவர் கணவரா, மனைவியா என்பது பொருள். முதற்பேச்சாளர் எழுந்ததும் தம் மனைவியின் சமையலைப் பழிக்கிறார், அவை சிரிக்கிறது. அடுத்தவர் மாமியாரைப் பழிக்கிறார். மூன்றாமவர் பெண்ணின் கருநிறத்தையும் பருத்த உடலையும் எடுத்துக்கொள்கிறார். பின்னர்த் திக்குவாயர் ஒருவரின் கதை வருகிறது. தமிழைத் தடுமாறிப் பேசும் வடநாட்டுக் கடைக்காரர் ஒருவரின் கதை தொடர்கிறது. இடையிடையே திரைப்பட நடிகர்களின் குரல்கள். இறுதியில் நடுவர் எழுந்து, இரு தரப்பாரும் வென்றதாகத் தீர்ப்பளித்து அமர்கிறார். தொடக்கத்தில் எழுப்பிய வினா எழுப்பிய இடத்திலேயே கிடக்கிறது. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் நமக்கு இக்காட்சி ஒன்றையே நினைவூட்டுகிறது: உறை புதிது, நாடா புதிது, மேலே எழுதிய தலைப்பும் அழகு, அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு தாளும் இல்லை.

பட்டிமண்டபம் என்னும் சொல்லுக்கு வந்த நிலையையும் இங்கே கருத வேண்டும். கரிகாலனுக்கு மகத நாட்டு மன்னன் கொடுத்த பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. மணிமேகலையில் விழாவறையும் முரசறைவோன், சமய வாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுமாறு அழைக்கிறான். அதனோடு நில்லாமல், பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறு ஊரார்க்கு அறிவிக்கிறான். வாதம் கூர்மையாக இருக்கட்டும், வடு இன்றி முடியட்டும் என்பதே அவ்வறிவிப்பின் கருத்து. இன்று நாம் அதனைத் தலைகீழாக்கிவிட்டோம். வாதம் மழுங்கிவிட்டது, வடு மட்டும் மிஞ்சுகிறது.

எள்ளலின் இரு பாதிகள்

நகை எதிலிருந்து பிறக்கிறது என்னும் வினாவிற்குத் தொல்காப்பியம் நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறது. எள்ளல் ஒன்று. குழந்தைத்தன்மையாகிய இளமை மற்றொன்று. அறியாமையாகிய பேதைமையும், பிறர் சொன்னதை ஆராயாமல் பற்றிக்கொள்ளும் மடமும் எஞ்சிய இரண்டு. எள்ளலுக்கு உரை கூறவந்த பேராசிரியர் அதனையும் இரண்டாகப் பகுத்தார். தான் பிறரை எள்ளி நகுவது ஒரு வகை. பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவது மற்றொரு வகை.

இப்பகுப்பு உரையாசிரியரின் வெறும் இலக்கண நுட்பமன்று. பேச்சாளன் கையில் இரு படைக்கலங்கள் உண்டு என்பதையும், அவற்றுள் ஒன்று தன்னையே நோக்கித் திரும்பவல்லது என்பதையும் அது உணர்த்துகிறது. நம் மேடைகள் முதற்பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியைத் தொலைத்துவிட்டன. தம் மனைவியைப் பழித்து ஒரு மணி நேரம் பேசும் பேச்சாளர், தம்மைப் பழித்து ஐந்து நிமிடம் பேசட்டும். அப்பொழுது அவருடைய நகைச்சுவை உணர்வை ஏற்றுக்கொள்வோம்.

பிறரை எள்ளுவதிலும் ஓர் அறம் உண்டு; அதனைக் கற்பிக்க நமக்கு ஔவையார் போதும். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது, தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவையார் அப்படைகளைப் புகழ்ந்தார். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவல் மிக்க அரண்மனையில் இவை அழகாக இருக்கின்றன என்றார். தம் மன்னனின் படைகளோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இதனைக் கூறுகிறது. புகழ்ச்சியின் உடை உடுத்த எள்ளல் இது. ஒரு பெண், படையின்றி, பகை மன்னனின் அரண்மனையில் நின்றுகொண்டு, அம்மன்னனையே எள்ளுகிறார். அந்நகையில் ஒரு செய்தி இருக்கிறது: போருக்கு எழாதே என்பது. அந்நகைக்கு ஒரு துணிவு தேவைப்பட்டது. நம் மேடையில் மாமியாரை எள்ளுவதற்கு எத்துணைத் துணிவு தேவைப்படுகிறது என்று கேட்கிறோம்.

இப்பாடம் பாமரர் கதைகளிலும் உண்டு. வங்கத்துப் பிள்ளைகள் கோபால் பார் கதைகளைக் கேட்டு வளர்கின்றனர். நம் பிள்ளைகள் தெனாலிராமன் கதைகளைக் கேட்கின்றனர். கிருஷ்ணநகரத்து அரசர் கிருஷ்ணசந்திரரின் அவையோடு ஒருவனையும், விசயநகரத்துக் கிருஷ்ணதேவராயரின் அவையோடு மற்றவனையும் கதைமரபு இணைத்திருக்கிறது. இருவர் கதைகளிலும் பெரும்பாலும் இறுதியில் நாணுபவர் அரசராகவோ, அரசரின் செருக்குமிக்க அவையினராகவோ இருப்பர். எழுத்தறியாத பாட்டியும் நகையின் அம்பு எத்திசை நோக்கிப் பறக்கவேண்டும் என்பதை அறிந்தே கதை சொன்னாள்.

சிசரோவிடம் கேட்போம்

நம் விழாக்களில் பேச்சாளரை வரவேற்கும்போது, ‘தமிழகத்துச் சிசரோவே’ என்று அழைப்பது பழைய வழக்கம். அவ்வாறு அழைப்பவர்கள், நகைச்சுவையைப் பற்றி அந்தச் சிசரோ என்ன கூறினார் என்பதை அறிந்தால் சற்றுத் தயங்குவர். ஒரு மொழியின் செல்வத்தை மற்றொன்றின் அருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் நாம் வாழும் இம்மண்ணுக்கு அயலானதன்று. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் புத்ததேவ வசு தொடங்கிய ஒப்பிலக்கியத் துறையே இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. ஆகவே நாமும் சிறிது ஒப்புநோக்குவோம்.

சிசரோ கி.மு. 106 முதல் 43 வரை வாழ்ந்தவர். பேச்சாளனைப் பற்றி அவர் கி.மு. 55-இல் உரையாடல் வடிவில் ஒரு நூல் இயற்றினார். அதன் இரண்டாம் பகுதியில் நகைச்சுவைக்கென நீண்ட ஆராய்ச்சி இடம்பெறுகிறது. சிரிப்பு, கேட்போரின் நல்லெண்ணத்தைப் பேச்சாளனுக்கு ஈட்டித் தருகிறது, எதிரியின் வன்மையைக் குலைக்கிறது, இறுக்கத்தைத் தளர்த்துகிறது, வாதத்தால் எளிதிற் கரைக்க இயலாத கசப்பைக் கரைக்கிறது. இவ்வாறு பயன்களை அடுக்கிக்காட்டும் அந்நூல், உடனேயே எல்லைகளையும் வரையறுக்கிறது. பெருங்கொடுமை செய்தவரைச் சிரிப்புக்கு ஆளாக்கலாகாது; அவர்க்குச் சிரிப்பினும் வலிய தண்டனை வேண்டும். பெருந்துயரில் உழல்பவரையும் சிரிப்புக்கு ஆளாக்கலாகாது. மக்கள் அன்பு பாராட்டுபவரைப் பழித்தால் பழி பேச்சாளன் மேலேயே விழும். கூத்தரைப் போலக் குரலையும் உடலையும் திரித்துப் பிறரைப் போலி செய்வதைப் பேச்சாளன் மிகச் சிறிதே கையாளவேண்டும். பல குரல் காட்டிக் கைதட்டல் பெறும் நம் மேடைச் செம்மல்கள் இந்த இறுதி விதியை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

அந்நூல் தரும் அளவுகோல்களுள் ஒன்று நமக்கு மிகவும் பயன்படுவது. நகைச்சுவை இரு வகைப்படும்: சொல்லில் தங்கியது ஒன்று, பொருளில் தங்கியது மற்றொன்று. ஒரு நகைச்சுவையை வேறு சொற்களால் கூறிப் பாருங்கள். அப்பொழுதும் சிரிப்பு நிலைத்தால் அது பொருளில் தங்கியது. மறைந்துவிட்டால் அது சொல்லில் தங்கியது.

பொருளில் தங்கியதற்கு அந்நூலிலிருந்தே ஒரு சான்று. நாசிகா என்பவர் கவிஞர் என்னியசைக் காணச் சென்றார். கவிஞர் வீட்டில் இல்லை என்று பணிப்பெண் கூறினாள். அவர் உள்ளேயே இருக்கிறார், சொல்லச் சொன்னதும் அவரே என்பதை நாசிகா உணர்ந்துகொண்டு திரும்பினார். சில நாள் கழித்து என்னியஸ் அவர் வீட்டுக்கு வந்து அழைத்தார். ‘நான் வீட்டில் இல்லை’ என்று நாசிகா உள்ளிருந்து உரக்கக் கூறினார். ‘உம் குரல் எனக்குத் தெரியாதா?’ என்றார் கவிஞர். ‘உம் பணிப்பெண் சொன்னதையே நான் நம்பினேன், நானே சொல்வதை நீர் நம்பவில்லையே!’ என்றார் நாசிகா.

இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து, இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த பின்னரும் இச்செய்தி சிரிப்பூட்டுகிறது. எவர் உடலும், எவர் குலமும், எவர் நிறமும் இங்கே பழிக்கப்படவில்லை. எல்லா ஊரிலும் எல்லாரும் சொல்லும் ஒரு சிறு பொய் பிடிபட்டது, அதுவே நகை.

உரோமாபுரியை நாம் அறத்தின் கோயிலாக்கவில்லை. அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த நகரம் அது. உடற்குறைகளும் நகைச்சுவைக்கு ஏற்ற பொருள்களே என்று அதே நூல் ஒப்புக்கொள்கிறது. நகைச்சுவையைப் பற்றி அதில் விரித்துரைப்பவரின் பெயரே சீசர் ஸ்திராபோ. ஸ்திராபோ என்றால் மாறுகண்ணன். அங்குள்ள தீமையையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. வரம்பு வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்களே, அந்த எண்ணத்தை மட்டும் பெற்றுக்கொள்வோம்.

சிசரோவின் வாழ்க்கையே அவருடைய விதிகளுக்கு உரையாகவும் அமைகிறது, எச்சரிக்கையாகவும் அமைகிறது. கி.மு. 63-இல் அவர் உரோமின் தலைமைப் பதவியில் இருந்தபோது, முரேனா என்பவர் தேர்தலில் வாக்குகளை விலைக்கு வாங்கியதாக வழக்கு எழுந்தது. குற்றஞ்சாட்டியவர்களுள் ஒருவர் கேட்டோ, நேர்மையில் விறைப்பானவர். முரேனாவுக்காக வாதாடிய சிசரோ, கேட்டோ பின்பற்றிய தத்துவத்தின் விறைப்பை எடுத்துக்கொண்டு அவையைச் சிரிக்கவைத்தார். கேட்டோ புன்னகைத்து, ‘எவ்வளவு வேடிக்கையான தலைவர் நமக்கு வாய்த்திருக்கிறார்!’ என்னும் பொருள்படக் கூறியதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். முரேனா விடுதலை பெற்றார். வாக்குக்குப் பணம் கைமாறியதா என்னும் வினாவிலிருந்து அவையின் கண்ணைக் கேட்டோவின் பக்கம் திருப்பச் சிரிப்பு உதவிற்று. நாட்டின் தலைசிறந்த பேச்சாளர் கையிலேயே நகை இவ்வாறு ஒரு திரையாகப் பயன்படுமாயின், எளிய கைகளில் என்னவாகும்?

சிசரோவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய குவின்டிலியன், அரசு ஊதியம் பெற்றுப் பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியர். சிசரோவிடம் பெருமதிப்புக் கொண்டவர். எனினும் சிசரோவின் நகைச்சுவைகளைத் திரட்டி மூன்று நூல்களாக வெளியிட்டவர்கள், திரட்டுவதில் காட்டிய ஊக்கத்தைத் தெரிந்தெடுப்பதிலும் காட்டியிருக்கலாம் என்று அவர் வருந்துகிறார். துணுக்குகளை மட்டும் பிரித்தெடுத்து ஒலிநாடாவில் விற்ற காலத்தையும், கைப்பேசியில் பரப்பும் காலத்தையும் கண்ட நமக்கு அவ்வருத்தம் நன்கு விளங்குகிறது. ஒரு நகைச்சுவைக்காக நண்பனை இழக்கத் துணிவது நம் கொள்கையாகலாகாது என்றும், நேர்மையை விலையாகக் கொடுத்துப் பெறும் சிரிப்பு மிகைவிலைக்கு வாங்கியது என்றும் அவர் கருதினார். விலை என்னும் சொல்லை நாம் பற்றிக்கொள்வோம். நம் மேடைச் சிரிப்புக்கும் ஒரு விலை உண்டு. அதனைப் பேச்சாளர் கொடுப்பதில்லை.

மொழிபெயர்த்துக் காட்டுங்கள்

வேறு சொற்களால் கூறிப் பார் என்னும் அளவுகோலை, கொல்கத்தாத் தமிழராகிய நாம் இன்னும் ஓரடி நீட்டலாம். பக்கத்து வீட்டு வங்காளிக்கு மொழிபெயர்த்துப் பார் என்பதே அது. நம் விழாக்களுக்கு அண்டை வீட்டார் வருகின்றனர். நாம் துர்க்கா பூசைப் பந்தலுக்குச் செல்வதைப் போல, அவர்களும் அன்பு பற்றி வந்து முன்வரிசையில் அமர்கின்றனர். இம்மாநகரில் நிகழ்ந்த விழாவொன்றில், அவை பெருஞ்சிரிப்பில் ஆழ்ந்தபோது, வங்காளப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்த தமிழ் இளைஞரிடம், ‘கீ போல்லேன்?’ என்று ஆவலோடு கேட்டார். என்ன சொன்னார் என்று கேட்கிறார். தாமும் சிரிக்க விரும்புகிறார். இளைஞர் மறுமொழி கூறவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். மேடையிலிருந்தவர் எள்ளியது வங்காளிகள் தமிழ்ப் பெயர்களை உச்சரிக்கும் முறையை.

சொல்நயத்தால் அமைந்த சிலேடை மொழிபெயர்ப்பில் மறைந்துபோவது இயல்பே. காளமேகத்தின் சிலேடைகளை எம்மொழியிலும் பெயர்க்க இயலாது. அதனால் அவற்றின் சிறப்புக் குறைவதில்லை. அங்கே மொழிபெயர்ப்பாளன் தோற்கிறான். மேற்சொன்ன நிகழ்ச்சியில் மொழிபெயர்ப்பாளன் நாணுகிறான். தோல்விக்கும் நாணத்திற்கும் உள்ள வேறுபாடே நல்ல நகைக்கும் இழிந்த நகைக்கும் உள்ள வேறுபாடு.

நாம் யாரிடையே வாழ்கிறோம் என்பதையும் மறத்தலாகாது. வேதியியல் தொழிற்கூடத்தில் பணிபுரிந்துகொண்டே பரசுராமர் என்னும் பெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிய இராஜசேகர வசுவின் மக்கள் இவர்கள். 1923-இல் மறைந்த சுகுமார் ராயின் வேடிக்கைப் பாடல்களை இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்கள் இவர்கள். சிரிப்பின் அருமை அறிந்த இம்மக்கள்முன் தமிழின் நகையாக எதனை எடுத்து வைக்கிறோம்?

நம்மிடம் இல்லாத ஒன்றையா கேட்கிறோம்?

நல்ல நகைக்கு நாம் உரோமாபுரிக்குப் போகவேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டின் தமிழ் மேடையே போதும். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கினார். அத்தகைய விழாக்களில் வளர்ந்த பட்டிமண்டபங்களில், கம்பனின் மாந்தருள் எவர் சிறந்தவர் என்று வாதிட்டவர்களும் அவையைச் சிரிக்கவைத்தார்கள். ஆனால் சிரிப்பதற்கும் கம்பனை அறிந்திருக்க வேண்டியிருந்தது. கேட்போரின் அறிவை நம்பி எழுந்த நகை அது.

கிருபானந்த வாரியார் (1906–1993) எளிய மக்களுக்கே பேசினார். சொற்பொழிவின் இடையே முன்வரிசைச் சிறுவர்களிடம் வினா எழுப்புவார். சரியான விடைக்குப் பரிசும் கொடுப்பார். சிரிப்பொலி அடங்கும் முன்னரே அடுத்த கருத்து வந்து சேரும். சிறுவனும் சிரித்தான், வீடு திரும்பும்போது ஒரு கதையும் ஒரு நீதியும் அவனோடு சென்றன.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) நந்தனார் கதையை மாற்றிக் கிந்தனார் காலட்சேபம் நிகழ்த்தினார். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வி கற்று உயர்வதை அதில் காட்டினார். அவையோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். சிரிப்புக்கு இலக்காயிற்று தீண்டாமை. தாழ்ந்து கிடந்தவன் அந்தக் கதையில் எழுந்து நின்றான்.

அறிஞர் அண்ணா 1962-இல் மாநிலங்களவைக்குச் சென்றார். மொழிச் சிக்கலில் எண்ணிக்கையே அளவுகோல் என்றால், தேசியப் பறவையாக மயிலை விடுத்துக் காக்கையை அல்லவா தேர்ந்திருக்க வேண்டும் என்று அவர் அங்கே கேட்டதாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. அவ்வாராய்ச்சி இங்கே வேண்டா. நகையின் அமைப்பை மட்டும் பாருங்கள். அது ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது, தமிழிலும் நிலைக்கிறது, வங்கத்திலும் நிலைக்கும். ஆற்றல் மிக்க தரப்பை நோக்கி எறியப்பட்டது. அதனை நீக்கிவிட்டால் வாதத்தின் ஓர் எலும்பே முறிந்துவிடும். நகைச்சுவை வாதத்திற்குத் துணையாவது என்று நாம் கூறுவது இதனையே.

இத்தகைய மரபு உடையோர் இந்நிலைக்கு எவ்வாறு இறங்கினோம்? 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது முதல் தனியார் தொலைக்காட்சிகள் பெருகின. பண்டிகைக் காலைகளில் பட்டிமன்றம் வீடுகளுக்குள் நுழைந்தது. தமிழ்ப் பேச்சு எட்டாத இல்லங்களுக்கும் அது எட்டியது நன்மையே. ஆனால் விளம்பரங்களுக்கிடையே கிடைக்கும் சில நிமிடங்களில் வாதம் விரிய இடமில்லை. துணுக்குக்கு மட்டுமே இடமுண்டு. நேரம் ஒடுங்கியபோது முதலில் வெளியேற்றப்பட்டது கருத்து. நம் சங்க மேடைக்கு விளம்பர இடைவேளை இல்லை. நேரம் நம் கையில் இருக்கிறது. இருந்தும் தொலைக்காட்சியின் குறையையே நாம் நிறையென்று பின்பற்றுகிறோம்.

மறுப்புகளுக்கு மறுமொழி

நாம் கூறுவதற்கு எழும் மறுப்புகளையும் அறிவோம். வாரம் முழுதும் அலுவலகத்தில் உழைத்துக் களைத்தவர்கள் சிரிக்கத்தானே வருகிறார்கள் என்பர் சிலர். ஆம், நாமும் அவ்வாறு களைத்து வருபவர்களே. சிரிப்பை எவரும் தடுக்கவில்லை. பசித்து வந்தவனுக்கு உணவு வேண்டும் என்பதற்காகப் பழையதைச் சூடாக்கிப் படைக்கலாமா என்பதே நம் கேள்வி. ஒரே துணுக்கைப் பத்தாண்டுகளாகக் கேட்டுச் சிரிப்பவனும், உள்ளத்தில் சிரிப்பதில்லை. பக்கத்திலிருப்பவன் சிரிக்கிறானே என்று சிரிக்கிறான்.

பெண்களும்தாம் சிரிக்கிறார்களே என்பர் வேறு சிலர். இதுவே மறுப்புகளுள் மிகவும் இரக்கமற்றது. நூறு பேர் சிரிக்கும் அவையில் சிரிக்காமல் அமர்ந்திருப்பது எளிதன்று. சிரிக்காதவளுக்கு ‘நகைச்சுவை உணர்வு அற்றவள்’ என்னும் பட்டம் காத்திருக்கிறது. கருநிறத்தைப் பழிக்கும் துணுக்கைக் கேட்டு அவையோடு சேர்ந்து சிரிக்கும் பதினைந்து வயதுப் பெண், வீடு சென்று கண்ணாடியின் முன் நிற்கும்போதும் சிரிப்பாளா? முன்னர் விலை என்று கூறினோமே, அந்த விலையைக் கொடுப்பவள் அவள். தமிழ் தன்னைப் பற்றிப் பொதுவில் கூறியது இவ்வளவே என்று அவள் முடிவு செய்தால், அடுத்த ஆண்டு விழாவுக்கு வராமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இளைய தலைமுறை சங்கத்திற்கு வருவதில்லை என்று செயற்குழுவில் வருந்துவோர், வந்த தலைமுறைக்கு என்ன கொடுத்தோம் என்பதையும் எண்ண வேண்டும்.

கருத்துள்ள பேச்சென்றால் கூட்டம் வராது, நன்கொடையும் வராது என்பது மூன்றாம் மறுப்பு. வாரியார் சொற்பொழிவுக்குக் கூட்டம் வரவில்லையா? கருத்தும் கலகலப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. உழைக்காத பேச்சாளருக்குத்தான் இரண்டையும் சேர்ப்பது அரிது. அவருடைய சோம்பலுக்கு அவையின் சுவையைக் காரணம் காட்டுவது முறையன்று.

செய்யத் தக்கன

குறை கூறிவிட்டு எழுந்து செல்வது நேர்மையாகாது. ஆகவே சில முறைகளை அன்பர்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, பொருளைத் தேர்ந்தெடுப்பது. நமக்கு உண்மையாகவே விடை தேவைப்படும் வினாக்களை மேடையேற்றுவோம். பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்பது பெற்றோர் கடனா, சங்கத்தின் கடனா? ஓய்வு பெற்ற பின் ஊர் திரும்புவது நன்றா, வேரூன்றிய இடத்திலேயே தங்குவது நன்றா? இவற்றில் நகைக்குக் குறைவே இராது. தமிழின் பெருமையை மேடையில் முழங்கிவிட்டுப் பேரனிடம் ஆங்கிலத்தில் கொஞ்சும் தாத்தாவைப் பற்றிப் பேசட்டும். நாம் அனைவரும் சிரிப்போம். அச்சிரிப்பு நம்மையே நோக்கியது. பேராசிரியர் கூறிய இரண்டாம் பாதி அவ்வாறு மேடைக்குத் திரும்பி வரும்.

இரண்டாவது, அழைப்புக் கடிதம். பயணச் செலவு, தங்குமிடம், பேசும் நேரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுகிறோம். அவற்றோடு இன்னும் ஒரு வரி சேர்ப்போம்: பெண்டிர், உடற்குறை, நிறம், சாதி, பிற மாநிலத்தார் ஆகியோரைப் பற்றிய துணுக்குகளைத் தவிர்க்குமாறு வேண்டுகிறோம் என்று. எழுத்தில் இருப்பது நினைவில் இருக்கும். இது நம் அலுவலகம் கற்பித்த பாடம்.

மூன்றாவது, ஒவ்வோர் அணியிலும் கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ பேசட்டும். தமிழ் தடுமாறினால் தடுமாறட்டும். அத்தடுமாற்றத்தை எள்ளாத அவையே தமிழை வளர்க்கும் அவை.

நான்காவது, நிகழ்ச்சியின் முடிவில் பத்து நிமிடம் ஒதுக்கி, இரு தரப்பு வாதங்களையும் அவற்றில் வந்த நகைச்சுவைகளையும் வங்கமொழியில் ஒருவர் எடுத்துரைக்கட்டும். இப்படி ஒரு மொழிபெயர்ப்பு உண்டு என்று முன்கூட்டியே அறிந்தால் பேச்சாளர் தாமே தம் சொற்களை நிறுத்துப் பார்ப்பார். அண்டை வீட்டாரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பர்.

ஐந்தாவது, அவையோராகிய நம் கடமை. இழிந்த துணுக்குக்குக் கைதட்டாமல் இருப்போம். கூச்சலிட வேண்டா, வெளிநடப்பும் வேண்டா. கைதட்டலை எதிர்பார்த்து நிற்கும் பேச்சாளருக்கு, அவையின் மௌனத்தைவிடத் தெளிவான மறுமொழி வேறில்லை. திருவள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவையை அறிந்து பேசுவது பேச்சாளர் கடன் என்றால், அறியத்தக்க அவையாக இருப்பது நம் கடன்.

அடுத்த பொங்கல் விழாவுக்குப் பேச்சாளரைத் தேர்ந்து கடிதம் எழுதும் நாள் விரைவில் வரும். தட்டெழுதிக் கையொப்பமிடும் முன், அக்கடிதத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று செயற்குழு அன்பர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.